வீடியோ பார்த்துச் சீட்டு வித்தை பழகுபவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

எங்கள் ஊரில் சீட்டு வித்தை சொல்லித்தர ஆள் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு போனும், வீட்டில் ரம்மி ஆடித் தேய்ந்த ஒரு கட்டும்தான். முதல் வருடத்தில் இருநூறுக்கு மேல் வீடியோக்களைச் சேமித்து வைத்தேன். அந்த வருடக் கடைசியில் தாய்மாமன் வீட்டு விசேஷத்தில் "ஏதாச்சும் செஞ்சு காட்டுடா" என்று கேட்டார்கள். தொடங்கி முடிக்க ஒரு வித்தைகூட என்னிடம் இல்லை. பத்துப் பதினைந்து அசைவுகள் கைக்குப் பாதி பாதி தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது.

அதன்பிறகு சேமித்ததை எல்லாம் அழித்துவிட்டு, ஒரே பாடத்தொடரை எடுத்து மூன்று மாதம் அதிலேயே இருந்தேன். இன்றும் என் கையில் நிற்பது அந்த மூன்று மாதத்தில் கற்றதுதான். அந்த ஒரு வருடம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாத முடிவில் மூன்று வித்தைகளை நாலு பேர் முன்னால் தடுமாறாமல் செய்யலாம். எண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். ஒரு வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடம் நிற்க மூன்று போதும்.

1. முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்

நம் வீடுகளில் சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். ஒளித்து ஒளித்துப் பழகினால் சந்தேகம் கூடும், உங்கள் கையும் பதறும். என்ன பழகுகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லி, ஏதாவது ஒன்றைச் செய்தும் காட்டுங்கள். கீழே 6ஆம் படியில் உள்ள எளிய வித்தை அதற்குப் போதும்.

பேருந்து நிலையம், பூங்கா போன்ற இடங்களில் நாலு பேர் சூழ உட்கார்ந்து பழக வேண்டாம். காசு வைத்துச் செய்யும் வித்தைகளையும், மூன்று சீட்டில் ராணி எங்கே என்று கேட்கும் வகையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தெருவில் மூணு சீட்டுக்காரனிடம் பணம் தொலைத்த கதை நம் ஊரில் பலரிடம் இருக்கிறது. பார்ப்பவருக்கு அந்த நினைவு வந்துவிட்டால் வித்தையை ரசிக்க மாட்டார்.

2. சரியான கட்டு வாங்குங்கள்

நான் அதிக நாள் இழந்தது இங்கேதான். வீடியோவில் விசிறிபோல விரியும் சீட்டு என் கையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் வருந்தினேன். குறை கட்டில் இருந்தது.

பெட்டிக்கடையில் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் கட்டு ரம்மிக்குப் போதும், இதற்குப் போதாது. முழு பிளாஸ்டிக் சீட்டும் வேண்டாம். அது தண்ணீர் பட்டாலும் கெடாதுதான், ஆனால் வழுக்கும். இரண்டு சீட்டை ஒன்றாகப் பிடித்தால் தனித்தனியாக நழுவும். உங்களுக்குத் தேவை, மேலே நுண்ணிய குழிகள் பதித்த காகித அட்டைக் கட்டு. அந்தக் குழிகளில் காற்று தங்குவதால் ஒரு சீட்டின்மேல் இன்னொன்று சீராக நகரும்.

பெரும்பாலான பாடங்களில் ஆசிரியர் கையில் இருப்பது அமெரிக்காவின் பைசைக்கிள் கட்டு. அதிலும் ‘ரைடர் பேக்’ என்ற சிவப்பு அல்லது நீலப் பின்புறம் உள்ளது. நீங்களும் அதையே வாங்குங்கள். நான் வாங்கியபோது கட்டு ஒன்று சுமார் 400 ரூபாய். வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்:

அளவு. போக்கர் அளவு என்பது 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். பிரிட்ஜ் அளவில் உயரம் அதே, அகலம் 57 மில்லிமீட்டர். பாடங்கள் பெரும்பாலும் போக்கர் அளவில்தான் இருக்கும். கை மிகச் சிறியது என்றால் மட்டும் பிரிட்ஜ் அளவுக்குப் போகலாம்.

பின்புறத்தில் வெள்ளை விளிம்பு. விளிம்பு உள்ள கட்டில், முகம் மேலாகத் திரும்பி ஒளிந்திருக்கும் சீட்டின் ஓரம் கொஞ்சம் தெரிந்தாலும் மற்றவற்றோடு கலந்துவிடும். விளிம்பு இல்லாத அழகிய வடிவக் கட்டுகள் படமெடுக்க நன்றாக இருக்கும், புதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விற்பவர். வழக்கத்தைவிட மிகக் குறைந்த விலை என்றால் ஒதுங்குங்கள். பிரபலமான கட்டுகளுக்குப் போலிகள் உண்டு. திருப்பி அனுப்ப வழியுள்ள இடத்தில், பில்லோடு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கட்டு வரவழைக்கும் ஆசை வரும். முதல் மூன்று மாதத்துக்கு அது வேண்டாம். கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். ஆர்டரில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் பொட்டலம் நின்றுவிடும். சுங்க வரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் கட்டின் விலையை மிஞ்சிவிடலாம். எனக்கு ஒரு முறை அப்படித்தான் ஆயிற்று. என் தலைப்பெழுத்து ஆதாரில் ஒரு விதமாகவும் ஆர்டரில் இன்னொரு விதமாகவும் இருந்ததால் மூன்று வாரம் காத்திருந்தேன்.

ஒரே வகையில் இரண்டு கட்டு வாங்குங்கள். ஒன்றைப் பழகத் திறந்துகொண்டு மற்றதை மூடியே வையுங்கள். தினமும் அரை மணி நேரம் பழகினால் என் கையில் ஒரு கட்டு மூன்று, நான்கு வாரம் நன்றாக இருக்கும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் அதற்கு முன்பே வளையும். பழகி முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். கை வியர்த்தால் கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முகப்பவுடர் தடவிப் பார்த்தேன், வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிட்டது.

விரிப்புக்குச் செலவு செய்யாதீர்கள். வெறும் மேசையில் சீட்டை எடுக்க நகம் தேய வேண்டியிருக்கும், அதனால் ஏதாவது ஒரு மெத்து வேண்டும். பெரிய மவுஸ் பேட் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் நான்காக மடித்த போர்வை.

3. ஒரே ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகை வீடியோக்கள் ஒரே மாதிரித் தலைப்போடு திரியும். ஒன்று ரகசியத்தை உடைத்துக் காட்டுவது. இன்னொன்று கற்றுத்தருவது. முதல் வகையில் "இப்படித்தான் செய்கிறார்கள்" என்று இருபது நொடியில் முடிந்துவிடும். உங்களுக்கு ரகசியம் தெரிந்திருக்கும், ஆனால் கை கற்றிருக்காது.

கற்றுத்தருபவரை அடையாளம் காண எனக்கு உதவியவை: வித்தையை முதலில் வெட்டில்லாமல் முழுதாகச் செய்து காட்டுவார். அசைவை யார் உருவாக்கினார் என்று பெயர் சொல்வார். விரல் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று இரண்டையும் காட்டுவார். தன் பக்கத்திலிருந்தும் பார்ப்பவர் பக்கத்திலிருந்தும் கேமரா வைத்திருப்பார். எந்தக் கோணத்தில் குட்டு வெளிப்படும் என்று தாமாகவே எச்சரிப்பார். கடைசியாகச் சொன்னது இல்லாத பாடத்தை நான் இப்போது தொடுவதில்லை.

அரை நிமிடச் செங்குத்து வீடியோக்களில் சீட்டு நிறம் மாறும், மறையும், பறக்கும். அவற்றில் பல ஒரே ஒரு கேமராக் கோணத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பவருக்குக்கூட எல்லாம் தெரியும். நாலு பேர் சுற்றி நிற்கும் கூடத்தில் அவை உதவாது.

இலவசப் பாடங்களே முதல் மூன்று மாதத்துக்குப் போதும். பணம் கொடுத்து வாங்க நினைத்தால் எலூஷனிஸ்ட், தியரி 11, வேனிஷிங் இன்க், பெங்குவின் மேஜிக் போன்ற தளங்களில் பாடங்கள் டாலரில் விற்கின்றன. ஒற்றை வித்தை வாங்காமல் அடிப்படைத் தொடர் ஒன்றை வாங்குங்கள். விளம்பர வீடியோவைப் பார்த்து மயங்கி நான் வாங்கிய ஒற்றை வித்தைகள் எல்லாம், அடிப்படை தெரியாததால், ஆறு மாதம் கழித்துத்தான் பயன்பட்டன.

பணம் செலுத்துவதில் சிக்கல் வரும் இடம் இது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாகத் தரப்படும் டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் போய் நீங்களே திறந்து, வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். பாடத்தின் விலையோடு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும், அதற்கு 18% ஜிஎஸ்டியும் சேரும். 20 டாலர் பாடத்துக்கு என் கணக்கில் கழிந்தது சுமார் 1,750 ரூபாய்.

வாங்கிய மின்னஞ்சல் ரசீது, ஆர்டர் எண் இரண்டையும் தனிக் கோப்புறையில் வையுங்கள். பதிவிறக்க அனுமதி இருந்தால் அன்றைக்கே இறக்கி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு சிறிய தளத்தில் நான் வாங்கிய பாடம், அந்தத் தளம் மூடப்பட்டபோது அதோடு போய்விட்டது. உரிமம் பற்றிய வரிகளையும் படியுங்கள். நேரில் செய்து காட்ட உரிமை தருவார்கள். பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும், தொலைக்காட்சியில் செய்யவும் பொதுவாகத் தனி அனுமதி வேண்டும்.

டெலிகிராம் குழுக்களில் திருட்டுப் பிரதிகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், எடுக்காதீர்கள். இந்தப் பாடங்களை உருவாக்குபவர்களில் பலர் ஓர் அசைவுக்காகப் பல வருடம் உழைத்த தனி மனிதர்கள். அது ஒரு பக்கம் இருக்க, ஐந்நூறு பாடம் இலவசமாகக் கிடைத்தவர் ஒன்றைக்கூடப் பழகுவதில்லை.

4. வீடியோவைப் பார்க்கும் முறை

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவை ஓடவிட்டுப் பின்தொடர்வதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்தேன். வீடியோ ஓடும்வரை கை செய்யும், நின்றதும் மறந்துவிடும்.

இப்படிப் பாருங்கள். முதல் தடவை செய்து காட்டும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு பார்வையாளராக உங்களுக்கு எந்த இடத்தில் வியப்பு வந்தது, அப்போது அவர் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். இரண்டாம் தடவை விளக்கப் பகுதியைச் சீட்டில்லாமல் முழுதாகப் பாருங்கள். மூன்றாம் தடவைதான் சீட்டு கைக்கு வர வேண்டும். பதினைந்து, இருபது நொடித் துண்டுகளாக நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் உங்கள் சொந்தத் தமிழில் நோட்டில் எழுதுங்கள். "இடது கட்டைவிரல் இரண்டு சீட்டை வலது பக்கம் தள்ளும், சுண்டுவிரல் அடியில் நிற்கும்" என்கிற மாதிரி. அதன்பின் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, எழுதியதைப் பார்த்து மட்டும் பழகுங்கள். ஒரு வாரம் கழித்து அதே வீடியோவைத் திரும்பப் பாருங்கள். முதலில் கண்ணில் படாத நான்கைந்து நுணுக்கங்கள் அப்போது தெரியும்.

கருவிகளைப் பயன்படுத்துங்கள். யூடியூபில் வேகத்தை 0.5க்குக் குறைக்கலாம். கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக (ஃப்ரேம்) பின்னும் முன்னும் நகரும். விரல் எப்போது உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. வாங்கி இறக்கிய கோப்பை விஎல்சி (VLC) என்ற வீடியோ செயலியில் திறந்தால், வேண்டிய துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம்.

இடம் வலம் குழப்பம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் உங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவருடைய இடது கை திரையில் உங்கள் வலது பக்கம் தெரியும். திரையைக் கண்ணாடிபோல நினைத்துப் பின்பற்றினால் எல்லாம் கைமாறிப் பதிந்துவிடும். பிறகு திருத்த வாரங்கள் ஆகும். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் இதையே சாதகமாக்கலாம். விஎல்சியில் படத்தைக் கிடைமட்டமாகப் புரட்டும் வசதி உண்டு. கோப்பைப் புரட்டிவிட்டு நேராகப் பின்பற்றுங்கள்.

ஆங்கில விளக்கம் வேகமாகப் போனால் ஆங்கில சப்டைட்டிலையே திரையில் போட்டுக்கொள்ளுங்கள். தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பு தொழிற்சொற்களைக் குழப்பிவிடும். அடிக்கடி வரும் சொற்கள் குறைவுதான்: ‘பிரேக்’ என்றால் கட்டுக்குள் விரல் சதையால் பிடிக்கும் நூலிழை இடைவெளி. ‘ஜாக்’ என்றால் ஒரு சீட்டு சற்றே நீட்டிக்கொண்டிருப்பது. உங்கள் பக்கம் நீட்டினால் இன்ஜாக், எதிர்ப்பக்கம் என்றால் அவுட்ஜாக். ‘ஃபோர்ஸ்’ என்றால் நீங்கள் விரும்பும் சீட்டை அவரே எடுத்ததுபோல எடுக்கவைப்பது. ‘கண்ட்ரோல்’ என்றால் அவர் திருப்பி வைத்த சீட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது. ‘ஃப்ளாஷ்’ என்றால் மறைக்க வேண்டியது கண்ணில் பட்டுவிடுவது.

5. பிடியும் கலைத்தலும்: முதல் இரண்டு வாரம்

மெக்கானிக்ஸ் கிரிப் என்ற பிடியில்தான் எல்லாம் தொடங்கும். கட்டு இடது உள்ளங்கையில். ஆள்காட்டி விரல் முன் விளிம்பை வளைத்துப் பிடிக்கும். மற்ற மூன்று விரல்களும் வலது நீள விளிம்பில் நிற்கும். கட்டைவிரல் மேலே தளர்வாக இருக்கும். தொலைக்காட்சி பார்க்கும்போதும், யாரோடாவது பேசும்போதும் இந்தப் பிடியில் கட்டை வைத்திருங்கள். இரண்டாவது வாரத்தில் அது கையின் இயல்பாகிவிடும். கட்டைவிரல் அடியில் வலித்தால் அன்று நிறுத்திவிடுங்கள். வலியோடு பழகினால் இறுக்கமும் சேர்ந்து பழகிவிடும்.

கலைப்பதில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ரம்மி ஆடுபவர்கள் நம் ஊரில் சீட்டை எப்படிக் கலைப்பார்கள்? ஒரு கையில் கட்டின் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலிருந்து கொத்துக் கொத்தாக உருவிப் போடுவார்கள். மேற்கத்தியப் பாடங்களில் இதற்கு இந்து ஷஃபிள் என்று பெயர். அவர்கள் தனியாகக் கற்க வேண்டிய ஒன்று நமக்குச் சிறுவயதிலிருந்தே கண்ணுக்குப் பழக்கம். மேலிருந்து மட்டும் உருவுவதால், கட்டின் அடியில் இருக்கும் சீட்டு கடைசிக் கொத்துவரை அடியிலேயே இருக்கும். எதிரே இருப்பவர் "நிறுத்து" என்று சொல்லும் இடத்தில் கையில் மிச்சமிருக்கும் கட்டின் அடியைக் காட்டினால், அது முதலில் இருந்த அதே சீட்டுதான். எளிய ஃபோர்ஸ் இதுவே. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இந்தக் கலைப்பு விசித்திரமாகத் தெரியலாம். நம் வீட்டில் யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள்.

அதனால், கட்டை இரண்டாகப் பிரித்து மூலைகளைப் படபடவென்று கோக்கும் ரிஃபிள் கலைப்பை அவசரப்பட்டுப் பழகாதீர்கள். அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் நாளே அப்படிக் கலைத்தால் "இவன் கைக்காரன்" என்று எல்லோரும் உங்கள் கையையே பார்ப்பார்கள். ஃபாரோ கலைப்பு இன்னும் பெரிய இழுப்பு. சீட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிசகாமல் கோத்து, மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி எட்டு முறை செய்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். இதைக் கேட்டதும் நான் இரண்டு மாதம் அதன் பின்னால் போனேன். இப்போது அது எனக்கு மிகப் பிடித்த ஒன்று, ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் அதற்கு இடமில்லை.

6. கைவித்தை இல்லாத வித்தையை முதலில் காட்டுங்கள்

இரண்டாம் வாரமே ஒருவர் முன்னால் செய்துவிட வேண்டும். அடையாளச் சீட்டு முறை அதற்குப் போதும். கட்டின் அடிச்சீட்டை யாரும் அறியாமல் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்கிறீர்கள். அவர் எடுத்துப் பார்த்த சீட்டை மேலே வைக்கச் சொல்லி, கட்டை வெட்டி அடிப்பாதியை மேலே போடுகிறீர்கள். இப்போது நீங்கள் பார்த்த சீட்டுக்கு அடுத்தது அவருடையது. அவரே எத்தனை முறை வேண்டுமானாலும் நேராக வெட்டலாம். சரியாக அந்த இரண்டுக்கும் நடுவே வெட்டு விழுந்தால் மட்டும் ஒன்று அடியிலும் மற்றது மேலுமாகப் போகும். அப்போது இன்னொரு முறை வெட்டச் சொன்னால் மறுபடி சேர்ந்துவிடும்.

விரல் வேலை எதுவும் இதில் இல்லை. அதனால் உங்கள் கவனம் முழுதும் எதிரே இருப்பவர்மேல் இருக்கும். அவர் எப்போது உங்கள் கையைப் பார்க்கிறார், எப்போது முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்டால் முகத்தைப் பார்ப்பார். "அண்ணா, உங்க சீட்டு நல்லா ஞாபகம் இருக்கா?" என்று கேட்கும் அந்த ஒரு நொடிதான் பின்னால் உங்களுக்கு எல்லா அசைவுகளுக்கும் தேவைப்படும். எந்த வீடியோவும் இதைக் கையில் தராது.

மூன்றாம், நான்காம் வாரத்தில் இந்து ஷஃபிள் ஃபோர்ஸை வைத்து ஒரு முன்கூட்டிச் சொல்லும் வித்தை செய்யுங்கள். ஒரு தாளில் சீட்டின் பெயரை எழுதி, மடித்து, அம்மா கையிலோ தங்கை கையிலோ முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இது இரண்டாவது வித்தை.

7. இரண்டை ஒன்றாகக் காட்டுதல்: ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம்வரை

டபுள் லிஃப்ட் என்று எல்லா வீடியோவிலும் வரும். மேலிருக்கும் இரண்டு சீட்டை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்டுவது. ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், ஒரு மாதத்திலும் கை வராது. ஆறு வாரம் ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடத்தை முதலில் சொல்கிறேன். இரண்டைத் திருப்பக் கற்றுக்கொள்கிறார்கள், ஒன்றைத் திருப்பக் கற்றுக்கொள்வதில்லை. எனவே ஐந்தாம் வாரம் முழுதும் ஒற்றைச் சீட்டை மட்டும் திருப்புங்கள். நீங்கள் இயல்பாக எப்படித் திருப்புகிறீர்கள்? புத்தகத் தாள்போலப் பக்கவாட்டிலா, கொஞ்சம் தூக்கியா, எந்த விரல்களால்? அதைப் படமெடுத்துப் பாருங்கள். இனி இரண்டைத் திருப்பும்போது அதே விரல், அதே வேகம், அதே உயரம். கூடுதலாக எதுவும் சேரக் கூடாது.

ஆறாம் வாரம் பிரேக். மேல் மூன்று, நான்கு சீட்டைக் கட்டைவிரலால் லேசாக விரித்து, திரும்ப இழுக்கும்போது இரண்டாவதன் அடியில் சுண்டுவிரல் சதை படிய வேண்டும். இடைவெளி உங்கள் பக்கத்து வலது மூலையில் மட்டும் இருக்கும், முன்பக்கம் மூடியிருக்கும். சுண்டுவிரலின் நுனியே உள்ளே போய்விட்டால் அது அதிகம். இந்த வேலை, சீட்டைத் திருப்புவதற்கு வெகுநேரம் முன்பே, நீங்கள் ஏதோ பேசிக்கொண்டு எல்லோரும் தளர்வாக இருக்கும்போது முடிந்திருக்க வேண்டும். திருப்பும் நேரத்தில் இரண்டை எண்ணி எடுக்கத் தொடங்கினால் விரல் தடவுவது தெரிந்துவிடும்.

ஏழு முதல் பத்துவரை இரண்டையும் சேருங்கள். என் கையில் வந்த தவறுகள்: திருப்பும்போது இரண்டும் மயிரிழை விலகுதல், திருப்பியதும் ஓரத்தை அளவுக்கு மீறித் தட்டிச் சரிசெய்தல், அந்த நொடியில் பேச்சு நின்றுபோதல், மூச்சைப் பிடித்தல், வேகம் கூடுதல். வேகம் ஒளிக்கும் என்று நினைக்காதீர்கள். மற்ற எல்லாம் மெதுவாக இருக்கும்போது இது மட்டும் வேகமாக நடந்தால் கண் அங்கேதான் போகும்.

கை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. இருபது முறை ஒற்றையும் இருபது முறை இரட்டையும் கலந்து செய்து படமெடுங்கள். எது எது என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துவைத்து, மூன்று நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஊகித்து, தாளோடு ஒப்பிடுங்கள். உங்களாலேயே பிரித்தறிய முடியாவிட்டால் வந்துவிட்டது. எனக்கு முதல் தடவை நாற்பதில் முப்பத்தாறு சரியாக ஊகிக்க முடிந்தது. அதாவது வரவில்லை. ஐந்தாவது சோதனையில்தான் பாதிக்குப் பாதியானது.

இதைக்கொண்டு செய்யும் மூன்றாவது வித்தை, நடுவில் செருகிய சீட்டு திரும்பத் திரும்ப மேலே வருவது. ஆங்கிலத்தில் ஆம்பிஷஸ் கார்டு என்று தேடினால் நூறு வடிவம் கிடைக்கும். இரண்டு முறை மேலே வரும் எளிய வடிவத்தை மட்டும் எடுங்கள். அவரிடம் நிரந்தர மார்க்கரைக் கொடுத்துச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் தாக்கம் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு போகும் என்பதால் பழைய கட்டை அதற்கு வையுங்கள்.

8. கண்ணாடியை விட்டுவிட்டு கேமராவுக்கு வாருங்கள்

கண்ணாடி முன்னால் பழகும்போது, ரகசிய அசைவு நடக்கும் நொடியில் நம்மை அறியாமல் கண் சிமிட்டிவிடுகிறோம். தவறு நம் கண்ணுக்கே படுவதில்லை. போனை, எதிரே உட்காருபவரின் கண் உயரத்தில் புத்தகங்கள் அடுக்கி நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை இடது பக்கமும் வலது பக்கமும் மாற்றி வையுங்கள். பாயில் உட்கார்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் போனும் பாயில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு பார்க்கும் பெரியவர்களுக்காக ஒரு முறை மேலிருந்தும் எடுங்கள். விசேஷ வீட்டில் குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும் சிறுவர்களிடம்தான். சுவரை ஒட்டி உட்காருங்கள்.

9. பேச்சைத் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியரின் ஆங்கிலப் பேச்சை மொழிபெயர்த்தால் நம் வாயில் ஒட்டாது. யார் முன்னால் செய்யப்போகிறீர்களோ அவரிடம் பேசும் மொழியில் எழுதுங்கள். "அத்தை, இதுல ஒண்ணு எடுங்க. எனக்குக் காட்டாதீங்க, மாமாகிட்ட காட்டுங்க." இதில் ஒரு பயனும் உண்டு. சீட்டே ஆடியிராத பெரியவர்களுக்கு ஆட்டின், கிளாவர் என்ற பெயர்கள் தெரியாது. தான் எடுத்ததை அத்தை மறந்தாலும் மாமா சொல்வார். ஒரே ஒருவர் மட்டும் பார்த்துத் தவறாக நினைவு வைத்ததால் என் வித்தை ஒன்று வீணாயிருக்கிறது.

அடுத்தது, வெளிநாட்டு வீடியோவில் பார்க்க முடியாதது. வித்தை முடிந்த மறு நொடி நம் ஆட்கள் "குடு, பார்ப்போம்" என்று கட்டைப் பறிப்பார்கள். மறுக்கக் கூடாது. மறுத்தால் சீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவாகிவிடும். எனவே ஒவ்வொரு வித்தையையும், கட்டு அப்போதே பறிபோனாலும் எதுவும் அகப்படாத நிலையில் முடியும்படி வரிசைப்படுத்துங்கள். நீங்களே நீட்டிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

"இன்னொரு தடவை" என்று கேட்டால் அதே வித்தையைச் செய்யாதீர்கள். என்ன நடக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரியும். அடுத்த வித்தைக்குப் போய்விடுங்கள். "இது யூடியூப்ல பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் வாதாடாமல் "ஆமா, அங்கதான் நானும் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

10. நோட்டும் கணக்கும்

ஒரு நோட்டில் தேதி, எந்த அசைவு, எத்தனை நிமிடம், எங்கே தடுக்கியது என்று மூன்று வரி போதும். அரை மணி நேரத்தைக் காலையில் பதினைந்து, இரவில் பதினைந்து என்று பிரித்தால் கை சீக்கிரம் பிடிக்கிறது. யார் முன்னால் எந்த வித்தை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் அதையே திரும்பச் செய்துவிடாமல் இருக்க உதவும்.

மூன்று மாதத்தில் எனக்கு ஆன செலவு: நான்கு கட்டு 1,600, மவுஸ் பேட் 250, மார்க்கர் 40, ஒரு பாடத்தொடர் 1,750, மொத்தம் 3,640 ரூபாய். பாடத்தை விட்டு, இரண்டு கட்டிலேயே ஓட்டி, போர்வையை விரித்துக்கொண்டிருந்தால் அப்போதைய விலையில் 850 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

பத்தாம் வாரத்துக்குப் பிறகு புது வீடியோ எதையும் திறக்காதீர்கள். மூன்று வித்தையையும் ஒரே வரிசையில், பேச்சோடு, தினமும் ஒரு முறை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். தவறு நேர்ந்தாலும் நிறுத்தாமல் முடியுங்கள். பன்னிரண்டாம் வாரம், சீட்டு ஆடத் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்யுங்கள். முடிந்தபின் எது நன்றாக இருந்தது என்று கேட்க வேண்டாம். எந்த நேரத்தில் என் கையைப் பார்க்கத் தோன்றியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடங்களை நோட்டில் குறியுங்கள். நான்காம் மாதத்துப் பாடம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும்.